ஐந்தாம் நற்செய்தியோ? கிறிஸ்துவைக் காட்டும் திரைப்படங்களும் 'திருமறை மட்டுமே' என்னும் கோட்பாடும்

லெந்து காலம் நெருங்குந்தோறும் நம் சபைகளில் எழும் வினா ஒன்று உண்டு. கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய திரைப்படத்தைப் பெரிய வெள்ளியன்று ஆலய வளாகத்தில் காட்டலாமா என்பதே அது. இளைஞர் சங்கத்தார் காட்ட வேண்டும் என்பர். மூப்பர் சிலர் கூடாது என்பர். 'திருமறை மட்டுமே' என்னும் சீர்திருத்தக் கோட்பாட்டைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர். ஆயரோ இரு சாராரின் மனமும் நோகாதபடி, ஆராதனை முடிந்தபின் மண்டபத்தில் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வினாவை அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைப்பார். இன்று திரைச்சீலையும் மண்டபமும் வேண்டியதில்லை. அவரவர் கைத்தொலைபேசியிலேயே இப்படங்கள் காணக்கிடைக்கின்றன. ஆதலின் காட்டலாமா என்னும் வினா ஏறக்குறையக் காலங்கடந்ததாகிவிட்டது. சபையார் ஏற்கெனவே கண்டுவிட்டதை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே ஆயரும் இறையியல் மாணவரும் இனி எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஒரு படத்தை முன்வைத்து ஆராய்வது நலம் எனக் கருதுகிறேன். மெல் கிப்சன் இயக்கி, 2004 ஆம் ஆண்டு சாம்பல் புதனன்று அமெரிக்காவில் வெளியான 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' என்பதே அப்படம். இதனைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. உரோமைக் கத்தோலிக்கர் ஒருவர் எடுத்த இப்படத்தை அந்நாட்டின் புராட்டஸ்டண்டு நற்செய்திச் சபையாரே முன்னின்று வரவேற்றனர். அரங்குகளின் இருக்கைகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் சபையாரை அழைத்துச் சென்ற ஆயர்கள் பலர். உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் அப்படம் ஈட்டியது. நம் நாட்டிலும் அதன் காட்சிகள் துண்டு துண்டாகப் பாடல்களோடு இணைக்கப்பட்டு, இன்றளவும் பெரிய வெள்ளிக் கூட்டங்களில் காட்டப்பட்டு வருகின்றன. திருமறை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டோம் என்போர் இத்துணை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்ட ஒரு படம், உண்மையில் எதனை ஆதாரமாகக் கொண்டது என்று கேட்பது தகும்.

கண்ணும் செவியும்

தமிழகத்தைப் பொறுத்தவரையில் திரைப்படத்தின் தொடக்கமே கிறிஸ்துவின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுத்தராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில சிறு படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். அவற்றுள் கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றிய படமும் ஒன்று. சில ஆண்டுகட்குப் பின் பம்பாயில் அத்தகைய படமொன்றைக் கண்ட தாதாசாகேப் பால்கே, நம் நாட்டுத் தெய்வங்களையும் இவ்வாறு திரையில் காணலாகாதா என்று எண்ணியதன் விளைவே 1913 இல் வெளியான 'ராஜா ஹரிச்சந்திரா'. இதற்கு முன்னரே அருட்பணியாளர்கள் விளக்கொளிப் படங்களைக் கிராமந்தோறும் காட்டி வந்தனர். ஆகவே இவ்வினா நேற்று எழுந்ததன்று.

இதற்கு மாறாக, புராட்டஸ்டண்டு மரபில் ஊறிய பிரிட்டனில் 1912 இல் அமைக்கப்பெற்ற திரைப்படத் தணிக்கை வாரியம் தொடக்கத்தில் வகுத்த விதிகள் இரண்டே. அவற்றுள் ஒன்று, கிறிஸ்துவை உருவமாகத் திரையில் காட்டலாகாது என்பது. 1959 இல் வெளியான 'பென்-ஹர்' படத்திலும் ஆண்டவரின் முகம் காட்டப்படவில்லை. தண்ணீர் கொடுக்கும் கையைக் காண்கிறோம். அவரை நோக்கும் போர்வீரனின் முகம் மாறுவதையும் காண்கிறோம். அவ்வளவே. பக்தியுணர்வில் அக்காட்சி பின்வந்த பல படங்களை விஞ்சி நிற்கிறது என்பது என் கருத்து.

உருவம் பற்றிய இத்தயக்கத்திற்குத் திருமறையில் வேர் உண்டு. ஓரேப் மலையில் இஸ்ரயேலர் சொற்களின் ஓசையைக் கேட்டார்களேயன்றி எவ்வுருவையும் காணவில்லை என்று உபாகமம் நினைவூட்டுகிறது (4:12). சீர்திருத்தத் தந்தையர் இதனை ஒரே வகையாகப் பொருள்கொள்ளவில்லை என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும். லூத்தர் 1525 இல் கார்ல்ஸ்டாட்டுக்கு மறுப்பாக எழுதுகையில், கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்கும்போது சிலுவையில் தொங்கும் ஒரு மனிதரின் உருவம் தம் உள்ளத்தில் தானாகவே எழுகிறது என்றும், உள்ளத்தில் எழுவது பாவமன்றாயின் கண்ணெதிரே இருப்பது மட்டும் எவ்வாறு பாவமாகும் என்றும் வினவினார். 1522 இல் அவர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலேயே, வெளிப்படுத்தின விசேஷத்திற்கு லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையில் செதுக்கப்பட்ட படங்கள் இடம்பெற்றன. கால்வினோ வேறு வழி சென்றார். கலாத்தியர் 3:1 இல் பவுல், தம் அருளுரையாலேயே கிறிஸ்து சிலுவையிலறையப்பட்டவராகக் கலாத்தியரின் கண்முன் வரையப்பட்டார் என்கிறாரன்றோ? உண்மையான அருளுரை இவ்வாறு வரைந்து காட்டுமாயின், மரத்தாலும் கல்லாலுமான உருவங்கள் எதற்கு என்பது கால்வினின் வாதம். 1563 இல் தோன்றிய ஹைடல்பர்க் வினாவிடையும் படங்கள் 'கல்லாதோரின் நூல்கள்' என்னும் பழைய வாதத்தை மறுத்து, இறைவன் தம் மக்களை உயிருள்ள அருளுரையாலேயே பயிற்றுவிக்க விரும்புகிறார் என்றது. கல்லாதோருக்குப் படமே நூல் என்ற அவ்வாதம் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மகா கிரகோரி, மார்சேய் நகரப் பேராயருக்கு எழுதிய மடல் வரை செல்லும். அதே வாதந்தான் இன்று நம் இளைஞர் சங்கக் கூட்டங்களில் எழுகின்றது. எழுப்புவோர் அதன் வயதை அறியார். 1706 இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க், கல்லாமைக்கு மருந்தாகப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆகவே 'திருமறை மட்டுமே' என்பது, திருமறையைத் தவிர வேறெதுவும் நம்மிடம் இருத்தலாகாது என்னும் பொருளுடையதன்று. அவ்வாறாயின் ஞானப்பாட்டும் வினாவிடையும் அருளுரையும் போக வேண்டும். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் சுருளைக் கையில் வைத்திருந்தும், விளக்குவோர் இல்லாமையால் பொருள் அறியாதிருந்தார் (அப்போஸ்தலர் 8:30-31). மற்றெல்லாக் குரல்களையும் நிறுத்துப் பார்க்கும் தராசு திருமறையே என்பதுதான் கோட்பாட்டின் பொருள். அருளுரைக்கும் அத்தராசே, திரைப்படத்திற்கும் அத்தராசே. (திரைப்படம் விக்கிரகம் என்று கடிந்துரைக்கும் வீடுகளிலேயே நாட்காட்டியில் பொன்முடி கொண்ட இயேசுவின் படம் ஆண்டு முழுவதும் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். அதன் கீழ்தான் குடும்ப ஜெபம் நடைபெறும்.)

நற்செய்தியாளரின் மௌனம்

இனி அத்தராசில் கிப்சனின் படத்தை வைப்போம். முதலில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டவரும் சீடரும் அரமேய மொழியில் பேசுவது, அவர் ஒரு யூதர் என்பதை மறந்துபோன நமக்கு நல்ல நினைவூட்டு. சிலுவை நிமிர்த்தப்படும் காட்சியையும் இறுதி இராவுணவில் அப்பம் உயர்த்தப்படும் காட்சியையும் மாறி மாறி வைத்திருப்பது, திருவிருந்தைப் பற்றிய ஓர் இறையியல் விளக்கமே ஆகும். படம் ஏசாயா 53 ஆம் அதிகாரத்தின் வாசகத்தோடு தொடங்குகிறது. தாம் காட்டப்போகும் தழும்புகளுக்கு இயக்குநர் கொள்ளும் ஆதாரம் அதுவே.

ஆயின் அத்தழும்புகளைப் பற்றி நற்செய்தியாளர் என்ன சொல்லுகின்றனர்? வாரினால் அடிக்கப்பட்டதை மாற்கு கிரேக்கத்தில் ஒரே ஒரு வினையெச்சத்தால் சொல்லி முடிக்கிறார் (15:15). மத்தேயுவும் அவ்வாறே. யோவான் ஒரு சிறு வசனம் தருகிறார் (19:1). லூக்காவில் பிலாத்து தண்டித்து விடுவிக்கிறேன் என்று சொல்வதுண்டு. அடித்த செய்தியே இல்லை. கிப்சனின் படத்திலோ இக்காட்சி பல நிமிடங்கள் நீளுகின்றது. முதலில் பிரம்பு, பின்னர் உலோக முனைகள் பொருந்திய சாட்டை, தசை கிழிந்து தெறித்தல், எண்ணிக்கை கூறும் வீரனின் குரல் என அது வளர்கிறது. சிலுவையில் அறைந்ததை மாற்கு சொல்லும் இடத்திலும் (15:24) இணைப்பிடைச் சொல்லை நீக்கினால் கிரேக்கத்தில் இருப்பவை இரண்டே சொற்கள். அறைந்தனர், அவரை. உடனே அவர் பார்வை ஆடைகளைச் சீட்டுப்போட்டுப் பங்கிடும் வீரரை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஏனெனில் அங்கே 22 ஆம் சங்கீதம் ஒலிக்கிறது. படத்தில் ஆணியின் முனை, கையின் துளை, மரத்தைக் கவிழ்த்து ஆணியை மடக்குதல் என்று ஒவ்வொன்றும் அருகிலிருந்து காட்டப்படுகின்றது.

இச்சுருக்கத்திற்குக் காரணம், முதல் வாசகர் சிலுவைத் தண்டனையைக் கண்ணாரக் கண்டவர்கள், விவரிக்கத் தேவையில்லை என்று கூறுவதுண்டு. அது ஓரளவே உண்மை. மாற்கு சுருங்கச் சொல்லும் எழுத்தாளர் அல்லர். லேகியோன் பிடித்தவனைப் பற்றியும் பெரும்பாடுள்ள பெண்ணைப் பற்றியும் மற்ற இருவரைவிட விரிவாகச் சொல்பவர் அவரே. சிலுவையடியில் அவர் விரிவாகச் சொல்வது எதனை? ஏளனத்தை. வழிப்போக்கர், ஆசாரியர், உடன் அறையப்பட்டோர் என மூன்று வட்டமாக ஏளனம் அவரைச் சூழ்கிறது. ஏளனத்தின் நடுவே ஒரு வினா எழுகின்றது: இவர் யார்? அதற்கு விடையைப் புறவினத்தானாகிய நூற்றுக்கு அதிபதி சொல்லுகிறான் (15:39). எவ்வளவு வலித்தது என்று கேட்க மாற்கு நம்மை அழைக்கவில்லை. கிப்சனின் படத்தைக் கண்டு அழுதபடி வெளிவருவோர் அதனையே கேட்டுக்கொண்டு வருகின்றனர். கண்ணீர் பொய்யன்று, அதனை நான் இகழவில்லை. ஆயினும் அடிகளின் எண்ணிக்கையால் மீட்பின் விலையை அளக்கும் பழக்கம் சபையில் வேரூன்றுமாயின், அதைவிடக் கொடிய சித்திரவதைக்கு உட்பட்ட மனிதரைப் பற்றி நாம் என்ன சொல்லப்போகிறோம்? அவ்வாறு மாண்டோர் உலக வரலாற்றில் உண்டு. மீட்பு வலியின் அளவில் இல்லை, வலியுற்றவர் யார் என்பதில் உள்ளது என்னும் பவுலின் நற்செய்தி இதனால் மங்கிப்போகும்.

நற்செய்தி நூல்களில் இல்லாதவை படத்தில் எங்கிருந்து வந்தன? கைது செய்யப்பட்ட ஆண்டவர் சங்கிலியோடு பாலத்திலிருந்து கீழே தள்ளப்படுதலும், பிலாத்துவின் மனைவி மரியாளிடம் வெண்துகில் கொடுத்தலும், அத்துகிலால் மரியாள் கல்தளத்து இரத்தத்தைத் துடைத்தலும் அன்ன காத்தரீன் எம்மெரிக் என்னும் ஜெர்மானியத் துறவியின் தரிசனங்களாகக் கூறப்படுபவற்றில் உள்ளவை. எம்மெரிக் 1824 இல் மறைந்தார். அவர் சொன்னதாகக் கவிஞர் கிளெமென்ஸ் பிரென்தானோ எழுதிய நூல் 1833 இல் வெளிவந்தது. அதில் துறவி கண்டது எவ்வளவு, கவிஞர் சேர்த்தது எவ்வளவு என்பது இன்றளவும் தீராத ஐயம். 2004 அக்டோபரில் உரோமைத் திருச்சபை எம்மெரிக்கை அருளாளராக அறிவித்தபோதும் பிரென்தானோவின் எழுத்துகளைச் சான்றாகக் கொள்ளவில்லை. உரோமையே விலக்கி வைத்த ஓர் ஆதாரம், 'திருமறை மட்டுமே' என்போரின் பெரிய வெள்ளித் தியானமாக மாறியது. இதனைக் கத்தோலிக்க அன்பர்மீது குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. குறை நம்முடையது. பார்த்தது பாடுகளின் வரலாறாக இருந்தமையால், அது திருமறையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம்.

மனந்திரும்பாத கள்வனின் கண்ணைக் காகம் கொத்துவதும், கெத்செமனேயில் ஆண்டவர் பாம்பை மிதித்து நசுக்குவதும் இவ்வகையினவே. பின்னது ஆதியாகமம் 3:15 இன் விளக்கமாக அழகுடையது. முன்னதில் கொடுமையன்றி வேறொன்றும் இல்லை. மன்னிப்பை வேண்டி ஆண்டவர் ஜெபித்த இடத்தில் காகம் பழி தீர்க்கின்றது.

இவை யாவற்றிலும் பெரிய மீறலைப் பலர் கவனிப்பதில்லை. அது அமைதியாக நிகழ்ந்துவிடுகின்றது. படத்தின் இறுதியில் ஒளிப்படக் கருவி கல்லறைக்கு உள்ளே இருக்கின்றது. கல் நகர்கிறது, துணி தளர்ந்து வீழ்கிறது, ஆண்டவர் எழுகிறார். நான்கு நற்செய்தியாளருள் ஒருவரும் உயிர்த்தெழுந்த அக்கணத்தைக் காட்டவில்லை. பெண்கள் வரும்போது அது நடந்து முடிந்திருக்கிறது. வெறுங்கல்லறையும் செய்தி கூறும் குரலுமே அங்குள்ளன. அக்கணத்தைக் காட்டும் பழைய நூல் ஒன்று உண்டு. 1886-87 இல் எகிப்திலுள்ள அக்மீம் கல்லறைத்தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட 'பேதுருவின் நற்செய்தி' என்னும் துண்டுநூலில், வானளாவிய உருவங்கள் கல்லறையினின்று வெளிவருகின்றன; சிலுவையும் பின்தொடர்ந்து வந்து பேசுகின்றது. திருச்சபை அந்நூலைத் திருமறைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. காணாமல் விசுவாசிப்போரை ஆண்டவர் பாக்கியவான்கள் என்றதைச் சொன்ன யோவான், அதனை அடுத்தே, நீங்கள் விசுவாசிக்கும்படி இவை எழுதப்பட்டிருக்கின்றன என்கிறார் (20:29-31). தோமாவுக்குக் காட்சி கொடுக்கப்பட்டது. நமக்கு எழுத்து கொடுக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் யோவான் அருகருகே வைத்தது தற்செயலன்று.

நான்கும் ஒன்றும்

ஏறத்தாழ கி.பி. 170 இல் தாத்தியன் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகப் பின்னித் 'தியாத்தெசரோன்' என்னும் ஒரே கதையாக்கினார். முரண்பாடுகள் நீங்கின, வாசிப்பதற்கு எளிதாயிற்று. சீரிய மொழிச் சபைகள் நெடுங்காலம் அதனையே ஆராதனையில் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் சிர்ரஸ் பேராயர் தியோடொரெத், தம் மறைமாவட்டத்தில் 200க்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றி, அவற்றின் இடத்தில் நான்கு நற்செய்தி நூல்களை வைத்ததாகத் தாமே எழுதியுள்ளார். எளிய ஒரு கதை கைக்கு எட்டியிருந்தும், ஒன்றோடொன்று உரசும் நான்கு சாட்சிகளையே திருச்சபை தெரிந்துகொண்டது.

கிறிஸ்துவைப் பற்றிய திரைப்படங்களில் பெரும்பாலானவை தியாத்தெசரோனின் மறுபிறப்பு. இதுவே அவற்றின்மீது நான் கொண்டுள்ள முதன்மையான குறைபாடு. உருவம் பற்றிய குறைபாடு இதற்கு அடுத்ததே. மாற்கின்படி சிலுவைக் காட்சியை எழுதுக என்று வகுப்பில் கேட்டால், ஆண்டவரின் தாய் சிலுவையடியில் நின்றதாக எழுதும் மாணவர் ஆண்டுதோறும் சிலர் உளர். அது யோவானில் மட்டுமே உள்ளது (19:25). மாற்கில் பெண்கள் தொலைவிலிருந்து பார்க்கின்றனர். சீடர் ஒருவரும் இல்லை. கைவிடப்பட்டவரின் ஒரே ஒரு கதறல். தாயையும் அன்புச் சீடனையும் கள்வனுக்குரிய வாக்குறுதியையும் சேர்த்து அச்சிலுவையை நிரப்பிவிட்டால், மாற்கு தம் சபைக்குச் சொல்ல வந்த தனிமை காணாமற்போகும். துன்புறும் சபைக்கு எழுதியவர் அவர். தன்னைக் கடவுள் கைவிட்டார் என்று மருத்துவமனைக் கட்டிலில் புலம்புபவரிடம் செல்லும் ஆயருக்கு, மாற்கின் சிலுவை மாற்கின் சிலுவையாகவே வேண்டும்.

நாமும் இதில் பங்குடையோம் என்பதை மறைப்பதற்கில்லை. பெரிய வெள்ளியின் ஏழு திருமொழிகள் லூக்காவிலிருந்து மூன்றும், யோவானிலிருந்து மூன்றும், மத்தேயு மாற்கிலிருந்து ஒன்றுமாகத் தொகுத்த மாலையே. கிருஷ்ணபிள்ளை தம் இரட்சணிய யாத்திரிகத்தில் பாடுகளை விரித்துப் பாடியதும் நாமறிந்ததே. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. விருத்தத்தைக் கேட்கும்போது இது கவிஞர் வாக்கு என்பதை நாம் மறப்பதில்லை. கதாகாலட்சேபத்தில் பாகவதர் நம் கண்முன்னே நிற்கிறார். அவர் சேர்த்துச் சொல்வதைச் சேர்த்ததாகவே கேட்கிறோம். அருளுரையாளர் தவறினாலும், திருமறை திறந்தே இருப்பதால் பெரேயா சபையார்போல் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். திரைப்படமோ தன்னை ஆக்கியோனை மறைத்துக்கொண்டு, விளக்கத்தை நிகழ்ச்சியாகவே காட்டுகின்றது. நின்று பார்க்க விடாமல் தன் வேகத்தில் நம்மை இழுத்துச் செல்கின்றது.

இதன் விளைவு பிறர்க்கும் தீங்காகலாம். படத்தில் பிலாத்து தயங்கும் நல்லவனாகவும், ஆசாரியரும் கூட்டத்தாரும் இரத்தவெறி கொண்டோராகவும் தோன்றுகின்றனர். லூக்கா 13:1 காட்டும் பிலாத்து வேறொருவன். ஃபிலோவும் யோசேப்பசும் அவனது கொடுமையைப் பதிவு செய்துள்ளனர். மத்தேயு 27:25 இன் வசனத்திற்கான ஆங்கில எழுத்துரை எதிர்ப்பின் காரணமாக நீக்கப்பட்டது. அரமேயக் குரல் மட்டும் படத்தில் நின்றுவிட்டது. யூதரைத் துன்புறுத்துவதற்குப் பாடுகளின் நாடகங்கள் நூற்றாண்டுகளாகத் துணைபோனமையை மறந்தவர்க்கே இது சிறு செய்தி. 1634 முதல் ஓபராமர்கவு என்னும் பவேரியக் கிராமத்தில் நடைபெறும் நாடகத்தை 1934 இல் ஹிட்லர் நேரில் கண்டு களித்தான். அண்மைப் பத்தாண்டுகளில் அவ்வூரார் யூத அறிஞரின் கருத்துகளையும் கேட்டு நாடக நூலைத் திருத்தி வருகின்றனர். 2022 இல் நடந்தது திருந்திய வடிவமே. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் குழு 1988 இல் பாடுகளின் நாடகங்களை மதிப்பிட வகுத்த நெறிமுறைகளில், 'இது திருமறையில் உள்ளது' என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்கிறது. திருமறையின் ஒரு வசனத்தை எடுத்து முழுத் திருமறைக்கும் எதிராக நிறுத்த இயலும் என்பதை உணர்ந்தோர் கூற்று அது. 'திருமறை மட்டுமே' என்போர் இதனை அவர்களிடம் கற்கலாம்.

சொல்லைக் கூட்டாத இருவர்

மதிப்பீடு முழுவதும் எதிர்மறையாகவே இருத்தல் தகாது. 1964 இல் இத்தாலியரான பசோலினி எடுத்த 'மத்தேயுவின்படி நற்செய்தி', ஏறத்தாழ முழுவதும் மத்தேயுவின் சொற்களையே பேசுகின்றது. பசோலினி மார்க்சியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். எனினும் உரையாடல் ஒன்றையும் தாமாகக் கற்பிக்கவில்லை. நடித்தோர் தொழில்முறை நடிகர் அல்லர். இயக்குநரின் தாயே முதிய மரியாளாக வருகிறார். தென்னித்தாலியின் ஏழைக் கிராமங்களே அப்படத்தின் பாலஸ்தீனம். பகுதிகள் சிலவற்றை விட்டும் வரிசை மாற்றியும் அவர் எடுத்ததுண்டு. ஆயினும் மற்ற மூவரைக் கலவாமையால், மத்தேயுவின் கண்டிப்பு மிக்க கிறிஸ்துவை அதில் சந்திக்கிறோம். மாயக்காரரை நோக்கிய 23 ஆம் அதிகாரத்தை அவ்வேகத்தோடு கேட்டபின், அதனை ஆலயத்தில் தாழ்ந்த குரலில் வாசித்துக் கடந்துபோக மனம் வரவில்லை. நம்பிக்கையாளர் எடுத்த படத்தைவிட நம்பிக்கையற்றவர் எடுத்தது திருமறைக்கு நெருங்கி நிற்பதன் காரணம், அவர் அதன் சொல்லுக்கு அடங்கியதே.

1979 இல் வெளியான 'இயேசு' படமும் லூக்காவை மட்டுமே பின்பற்றியது. இன்று 2000க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிக்கும் இதனை நம் கிராமங்களில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டாத நற்செய்திப் பணிக்குழு அரிது. கலையளவில் அது எளிய படைப்பு. ஆனால் லூக்காவை வாசித்தவர்க்கு அதில் அதிர்ச்சி ஏதுமில்லை. அதுவே அதன் சிறப்பு. இறுதியில் சேர்க்கப்பட்ட மனந்திரும்புதலின் அழைப்பும் ஜெபமும் லூக்காவுடையன அல்ல என்பதை மட்டும் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். 2019 இல் தொடங்கிய 'தி சோசன்' தொடரோ, பாத்திரங்களும் உரையாடல்களும் கற்பனையாகச் சேர்க்கப்பட்டுள்ளன என்றும், நற்செய்திகளை வாசியுங்கள் என்றும் முதற்பகுதியிலேயே அறிவித்துவிடுகின்றது. கிப்சனின் படத்திற்கு இல்லாத நேர்மை இது. ஆயினும் அறிவிப்பை ஒருமுறை படிக்கிறோம். முகங்களைப் பல மணி நேரம் காண்கிறோம்.

ஆயருக்குச் சில

ஆராதனையின் நடுவில், அருளுரைக்குரிய இடத்தில், திரைப்படத்தை வைத்தலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அருளுரையாளர் சபைக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். படத்திடம் எவரும் வினவ இயலாது. மண்டபத்தில் காட்டுவதைத் தடுக்க வேண்டியதில்லை. காட்டுமுன் ஆயர் அதனை முழுவதும் பார்த்திருத்தல் வேண்டும். இதைச் சொல்ல வேண்டியிருப்பது வியப்பே. ஆயினும் பாராமலேயே இசைவளிப்போர் உளர். கிப்சனின் படத்தைச் சிறுபிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் காட்டவே கூடாது. கண்டு முடித்தபின் கலைந்து செல்லாமல், பாலமும் காகமும் எந்த அதிகாரத்தில் உள்ளன என்று கேட்டுத் தேடச் சொல்லலாம். இளைஞர் ஆர்வத்தோடு தேடுவர். இல்லையென்று கண்டபின் எது உள்ளது என்று வாசிப்பர்.

படம் காட்டும் மாலையில், விளக்கை அணைக்குமுன், மாற்கு 14, 15 ஆம் அதிகாரங்களை முழுவதுமாக இடைநிறுத்தமின்றி ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். நம் சபையாரில் பலர் பாடுகளின் வரலாற்றைத் தொடர்ச்சியாக ஒருமுறையேனும் கேட்டதில்லை. ஐந்து வசனம், ஒரு பாட்டு, ஓர் அருளுரை என்று துண்டு துண்டாகவே கேட்டிருக்கின்றனர். வாசிப்பவரை ஒரு வாரத்திற்கு முன்னரே தெரிந்தெடுத்து, இருமுறையேனும் வாசித்துப் பழகச் செய்தல் வேண்டும். பாடகர் குழுவிற்கு வாரந்தோறும் ஒத்திகை உண்டு. பாடம் வாசிப்பவரோ பெரும்பாலும் மணியடித்தபின்தான் தாம் வாசிக்க வேண்டிய பகுதி எதுவென்று கேட்டு வருகிறார்.